டிவி மிஸ் சொன்ன ‘கரெக்ட்’

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று என்னிடம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வகுப்பில் ஒரு தப்பான பதில் காதில் விழுந்துவிட்டால் எனக்கு அடுத்த வரிக்குப் போக வராது. யார் சொன்னது, ஏன் சொன்னது, எங்கிருந்து அந்த நினைப்பு வந்தது என்று தோண்டிப் பார்த்து, சரியானதை மண்டையில் ஏற்றிவிட்டுத்தான் நகருவேன். பாடம் பாதியில் நிற்க மணி அடித்துவிடும். தலைமை ஆசிரியை முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் ஒரு டிரஸ்ட் நடத்திய கன்னட வழி உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர். நான் பிறந்ததே மைசூரில்தான். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். வேலை டெம்பரரி. ஏப்ரல் வந்தால் கழற்றிவிடுவார்கள், ஜூனில் கூப்பிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார்கள். வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபாக்டரி அந்த வருஷம் கதவைச் சாத்திவிட்டது. குடும்பமே என் ஒருத்தி சம்பளத்தை நம்பி இருந்தது. பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்துவிட்டால் போதும், சாமியிடம் வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று இருந்த காலம் அது.

அப்போதுதான் பள்ளிக்கு டிவியும் கேசட் போடும் வீடியோ டெக்கும் வந்தன. டிரஸ்டின் செயலாளர் ஊரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. புதிதாக எதைப் பார்த்தாலும் நம் பள்ளிக்கும் வேண்டும் என்று நிற்பார். டிவிக்கென்று கதவும் பூட்டும் வைத்த மர அலமாரி செய்து ஹாலில் நிறுத்தினார். கூடவே இங்கிலீஷ் பாடக் கேசட்டுகளும் வாங்கினார். பிள்ளைகள் அதைப் படம் பார்ப்பதுபோல வாய் பிளந்து பார்த்தார்களே தவிர ஒரு வார்த்தை புரியவில்லை. உடனே அவருக்கு யோசனை வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் பேசியது கன்னடத்தில், நான் தமிழில் சொல்கிறேன்.

“உங்களை மாதிரி பாடம் நடத்த இந்த ஊர்ல ஆள் இல்ல மேடம். வருஷப் பாடம் மொத்தத்தையும் நாமே கன்னடத்துல கேசட்டா எடுத்துடலாம். நீங்க நல்லபடியா முடிச்சுக் கொடுங்க, ஜூன்ல உங்க ஆர்டரைப் பத்தி நான் பேசறேன்.”

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் உடனே பாயசம் வைக்கச் சொன்னார். ஆர்டர் வந்த பிறகு வைக்கலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், பிள்ளைகள் சத்தம் இல்லாத காலி வகுப்பில் படப்பிடிப்பு. வந்த வீடியோக்காரர் எங்கள் தமிழ்க்காரர்தான். மைசூர் அக்ரஹாரம் ஏரியாவில் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து தவிர எதையும் எடுத்ததில்லை. முதல் நாள் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒரு மாலை, பூ எதுவும் இல்லையா மேடம்? பின்னாடி மொட்டையா இருக்கே” என்றார்.

“பின்னாடி கரும்பலகை இருக்கு. அது போதும்.”

“சரி விடுங்க, மிக்ஸிங்ல பாத்துக்கறேன்.”

செயலாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். காலி வகுப்பு என்று தெரியவே கூடாது. பிள்ளைகள் எதிரில் இருப்பது போலவே கேள்வி கேட்க வேண்டும், பாராட்ட வேண்டும், பாடம் உயிரோட்டமாக இருக்க வேண்டும். எனக்கும் கேள்வி கேட்காமல் பாடம் நடத்த வராது. ஆகவே கேட்டேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் நின்றேன். பிறகு, “கரெக்ட், வெரி குட்” என்றேன்.

வீடியோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். “யாருக்கு மேடம் கரெக்ட் சொல்றீங்க? இங்க நானும் லைட்டும்தான் இருக்கோம்.”

“பதில் சொன்னவங்களுக்கு. நீங்க சும்னே இருங்க, பேசாம உங்க வேலையப் பாருங்க.”

“நமக்கென்ன, சொல்லுங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்தடுத்த வாரங்களில் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் கேள்வி கேட்டு நிறுத்தினால் அவர் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். நான் கரெக்ட் என்பேன்.

அமிலப் பாடமும் அப்படித்தான் எடுத்தோம். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்வது. தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். வருஷா வருஷம் “எதில் எதை ஊற்ற வேண்டும்?” என்று கேட்பேன். வருஷா வருஷம் பாதி வகுப்பு தப்பாகத்தான் சொல்லும். தயிர் கெட்டியாக இருந்தால் தண்ணீர் ஊற்றுகிறோம், குழம்பு கெட்டியாக இருந்தால் தண்ணீர் ஊற்றுகிறோம், அமிலத்துக்கும் அப்படித்தானே என்று அதுகளுக்கு நினைப்பு. அந்த இடத்தில்தான் நான் வகுப்பையே ஒரு உலுக்கு உலுக்குவேன். ஆனால் காலி வகுப்பில் தப்பாகச் சொல்ல யார் இருந்தார்கள்? கேள்வியைக் கேட்டேன், நின்றேன், என் மனதுக்குள் நல்ல பதில் ஒன்று கேட்டது. “கரெக்ட், வெரி குட். எப்பவும் அப்படித்தான் ஊத்தணும். மாத்தி ஊத்தினா கண் போயிடும்” என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் அமிலத்தை மெதுவாக ஊற்றிக் காட்டினேன். கை நன்றாகத் தெரியட்டும் என்று பீக்கரை விளக்கு வெளிச்சத்துக்கு நகர்த்திக்கூட வைத்தேன்.

எடுத்த கேசட் எதையும் என் கண்ணில் காட்டவில்லை. எங்கள் வீட்டில் டெக் கிடையாது. செயலாளர் தன் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, “சூப்பரா இருக்கு மேடம், எங்க வீட்டம்மாவுக்கே சயின்ஸ் புரிஞ்சுது” என்றார்.

பிப்ரவரியில் பாடமெல்லாம் முடிந்தது. டிரஸ்ட் அங்கத்தினர்கள் முன்னால் அமிலப் பாடக் கேசட்டைப் போட்டுக் காட்ட நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் சாயங்காலம் வீடியோக்காரர் பை நிறையக் கேசட்டுகளோடு பள்ளிக்கு வந்தார்.

“இத்தனை எதுக்கு?” என்று கேட்டேன்.

“சாமராஜநகர்ல இருக்கிற உங்க டிரஸ்ட் ஸ்கூலுக்கு ஒரு செட் காப்பி மேடம். அங்க சயின்ஸுக்கு ஆளே போடப் போறதில்லையாம். டிவிய ஆன் பண்ணி ஆஃப் பண்ண ஒருத்தர் போதுமாம். இங்கயும் ஜூன்லேர்ந்து எல்லா செக்‌ஷனையும் ஒண்ணா ஹால்ல உக்கார வச்சுடுவாங்களாம். உங்களுக்குச் சொல்லலையா?”

ஜூனில் ஆர்டரைப் பற்றிப் பேசுகிறேன் என்றுதானே சொன்னார், கொடுக்கிறேன் என்று சொல்லவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. ஞாயிறு ஞாயிறாகப் போய் என் சோற்றில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். வீடியோக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மேடம்” என்றார். இதை வீட்டில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மறுபடியும் பாயசப் பேச்சை எடுத்தபோது அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் ஹாலில் திரைச்சீலையெல்லாம் போட்டு இருட்டாக்கியிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் டிரஸ்ட் பெரியவர்கள். பெஞ்சுகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், அந்தப் பாடத்தை என்னிடம் இன்னும் படித்திராத செக்‌ஷன். நான் உள்ளே போகப் போனேன். செயலாளர் வாசலிலேயே நிறுத்தினார்.

“நீங்க உள்ள இருக்கக் கூடாது மேடம். பிள்ளைங்க உங்க முகத்தைப் பாத்துப் பதில் சொல்லும். டிவி தனியா சொல்லிக்கொடுக்குதான்னுதான் பாக்கணும்.”

“கடைசியில செஞ்சு பாக்கறதுக்குப் பிள்ளைங்களுக்கு லிட்மஸ் காகிதம்தானே கொடுப்பீங்க?”

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். என்ன ஆனாலும் நடுவுல வந்துடாதீங்க. வந்தா இது ஃபெயில்னு அர்த்தம். அப்புறம் நானே நினைச்சாலும் உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது.”

கதவு சாத்தப்பட்டது. வராண்டாவில் ஒரு ஜன்னலில் மட்டும் திரை கொஞ்சம் விலகியிருந்தது. அங்கே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோணத்திலிருந்து டிவியும் தெரிந்தது, அதன் பக்கத்தில் இருந்த மேஜையும் பாதி தெரிந்தது.

என்னை நானே அப்போதுதான் முதலில் பார்க்கிறேன். பச்சைச் சேலை. என்னைச் சுற்றி ரோஜாப்பூ வளையம். மனுஷன் மிக்ஸிங்கில் பார்த்துக்கொண்டுவிட்டார். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் பாடம் நன்றாகத்தான் போனது. பிள்ளைகள் சத்தமில்லாமல் கேட்டார்கள். டிரஸ்ட் தலைவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அவர் தலை ஆட ஆட எனக்கு இங்கே மனசு கீழே இறங்கிக்கொண்டே போனது. நான் நன்றாக நடத்துகிறேன், அதனாலேயே எனக்கு வேலை போகப் போகிறது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போது டிவியில் நான் கேட்டேன். “எதில் எதை ஊற்ற வேண்டும்?”

கேட்டுவிட்டு நான் நின்றேன். ஹால் முழுக்கப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின. “ஆசிட்ல தண்ணி மிஸ்.”

டிவியில் நான் பூரித்துப்போய்ச் சிரித்தேன். “கரெக்ட், வெரி குட். எப்பவும் அப்படித்தான் ஊத்தணும். மாத்தி ஊத்தினா கண் போயிடும்.”

பெரியவர்கள் கை தட்டினார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் எது சரி என்று தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்பாடா, தொலைந்தது, டிவி ஃபெயில், நான் பிழைத்தேன். முடிந்ததும் உள்ளே போய் எல்லார் முன்னாலும் இந்தத் தப்பை எடுத்து வைக்கலாம், இனி யாரும் டீச்சர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். இவ்வளவும் ஒரு நொடிக்குள் ஓடிவிட்டது. அப்புறம்தான் மேஜையைச் சரியாகப் பார்த்தேன். லிட்மஸ் காகிதம் இல்லை. கண்ணாடி மூடி போட்ட அடர் அமில பாட்டில் இருந்தது. ஒரு காலி பீக்கர், ஒரு கூஜாவில் தண்ணீர்.

செயலாளர் எழுந்து முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். “டிவியப் பாத்துக்கிட்டே அப்படியே நீயும் செய்யம்மா, எல்லாரும் பார்க்கட்டும்.” நன்றாகப் படிக்கிற பெண், சொன்னதைத் தட்டவே தட்டாது. அது நேராக வந்து, பாட்டிலிலிருந்து அமிலத்தைப் பீக்கரில் விட்டது. சிந்தாமல் அழகாக விட்டது. பிறகு பாட்டிலை வைத்துவிட்டுத் தண்ணீர்க் கூஜாவை எடுத்தது.

நான் டிவியைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தாலாவது பெண்ணுக்குப் புரிந்துவிடும். டிவியில் கை இல்லை. முகம் மட்டும் இருந்தது, பூ வளையத்துக்குள் பெரிதாக. தாலி கட்டும் நேரத்தில் கல்யாணப்பெண்ணின் முகத்தை எடுத்தே பழகிய மனுஷன், நான் ஊற்றும் நேரத்தில் என் முகத்தை எடுத்துவைத்திருந்தார்.

“ஊத்தாதே” என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு என் குரல் கேட்டது. கேட்டதும் அது ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. டிவியைத் திரும்பிப் பார்த்தது. என் குரல் அங்கிருந்துதானே அத்தனை நேரமும் வந்துகொண்டிருந்தது. டிவியில் நான் அன்பாகச் சிரித்து, “ம், மெதுவா, மெதுவா ஊத்தணும்” என்றேன். பெண் கூஜாவைச் சாய்த்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு எப்படி உள்ளே போனேன், யார் காலை மிதித்தேன், எதுவும் நினைவில்லை. போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் தண்ணீர் விழுந்துவிட்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம். அதன் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்து, என் இடது கையை முகத்துக்கு முன்னால் நீட்டினேன். தெறித்தது என் கையில். அந்தப் பெண்மேல் ஒரு சொட்டும் படவில்லை. படவில்லை என்று அதன் முகத்தையும் கழுத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்த பிறகுதான் குழாயடிக்குப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றபோது ஹாலில் என் குரல் இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. டிவியை நிறுத்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது டிரஸ்ட் தலைவர் அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏம்மா அப்படி ஊத்தின?”

அது அழுதுகொண்டே டிவியைக் காட்டியது, என்னை இல்லை. “மிஸ்தான் கரெக்ட்னு சொன்னாங்க.”

கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டுப் பார்த்தார்கள். இந்த முறை ஹாலில் யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்னால் நான் யாருக்கோ கரெக்ட், வெரி குட் என்றேன். செயலாளர் என் பக்கம் திரும்பி அமைதியாகச் சொன்னார். “மெஷின் மேல தப்பில்ல. நீங்க சொன்னதுலதான் தப்பு.”

காலி வகுப்பில் கேள்வி கேட்கச் சொன்னது நீங்கள்தானே என்று நாக்கு நுனிவரை வந்தது. என் வாழ்க்கையில் கோபம் வந்தும் பேச்சு வராத நாள் அது ஒன்றுதான்.

கேசட் திட்டத்தை அதோடு மூட்டை கட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். கட்டவில்லை. அடுத்த வாரம் போய்க் கேட்டால், “அந்த அமில பாட்டிலை மட்டும் பூட்டி வைக்கச் சொல்லிட்டேன், மத்தபடி கேசட் அப்படியே சாமராஜநகர் போகும்” என்றார் செயலாளர். அந்தத் தப்பு அப்படியே இருந்தால் ஒருநாள் இன்னொரு விபத்து நடக்கும், திட்டமும் கவிழும், எனக்கு வேலையும் தங்கும். அப்படி யோசித்ததற்கு என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

“அந்த ஒரு பாடத்தை மறுபடி எடுத்துக் கொடுத்துடறேன்” என்றேன். “மத்ததையும் திருத்தணும். எல்லாத்துலயும் இதே கரெக்ட்தான் இருக்கு.”

“மத்ததுல ஆசிட் இல்லையே மேடம்” என்றார்.

வீடியோக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் வந்து எடுத்துக் கொடுத்தார். முகமே வேண்டாம், கையை மட்டும் எடுங்கள் என்றேன். அப்படியே எடுத்தார். கட்டுப் போட்ட இடது கை பீக்கரைப் பிடித்துக்கொள்ள, வலது கை தண்ணீரில் அமிலத்தை விட்டது. கேள்வி எதுவும் கேட்கவில்லை. தண்ணீரில்தான் அமிலம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். முடிந்ததும் அவர், “இன்னிக்கு யாருக்கும் கரெக்ட் சொல்லலையே மேடம்” என்றார். வழக்கமான கிண்டல்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாவம், மனுஷன் கேமராவைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார்.

ஜூனில் என்னை யாரும் கூப்பிடவில்லை. பாயசம் வைக்கவே இல்லை. வீட்டில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன்.

அதற்கடுத்த வருஷம் ஒருநாள் மைசூர் சபர்பன் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் புறப்பட இருந்த சாமராஜநகர் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு சின்னப் பெண் என்னையே உற்றுப் பார்த்தது. பிறகு அம்மாவின் கையை இழுத்து, “அம்மா, டிவி மிஸ்” என்று கன்னடத்தில் சொன்னது. ஜன்னலருகே போய், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டேன். “ஆசிட்டும் தண்ணியும் இருக்கு. எதுல எதை ஊத்தணும்?”

“தண்ணியில ஆசிட்” என்றது உடனே. “கை மட்டும் வருமே, அந்தக் கேசட்.”

“கரெக்ட்” என்றேன். அப்படியொரு நிம்மதி.

அந்தப் பெண் குலுங்கிச் சிரித்தது. அம்மா அதட்டியும் நிற்கவில்லை. “நீங்க எப்பவும் கரெக்ட்னுதான் மிஸ் சொல்வீங்க. நாங்க என்ன கத்தினாலும் கரெக்ட்டும்பீங்க. கழுதைன்னு கத்தினாலும் வெரி குட் சொல்வீங்க. எங்க கிளாஸ்ல அதுதான் விளையாட்டு.”

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார்.

“செடி எப்ப மூச்சு விடும்?” என்று கேட்டேன்.

“ராத்திரியில மட்டும்” என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தது.

“தப்பு.”

சிரிப்பு நின்றது. இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அப்ப எது மிஸ் சரி?” என்றது.

பஸ் நகர ஆரம்பித்தது. அது நான் போக வேண்டிய பஸ் இல்லை. ஓடிப்போய் ஏறி, அவர்கள் சீட்டில் இடம் கேட்டு உட்கார்ந்தேன்.